மார்க்ஸின் கையெழுத்தைப் படித்தவர்கள்

1889ஆம் ஆண்டுவாக்கில், லண்டனில் வாழ்ந்துகொண்டிருந்த ஃபிரெடரிக் ஏங்கெல்ஸ் தம்முடைய இளைய தோழர்கள் இருவருக்கு ஒரு விந்தையான பாடம் நடத்த முற்பட்டார். கார்ல் மார்க்ஸ் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளோ மலைபோலக் கிடந்தன. அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களைக் கைவிட்டு எண்ணிவிடலாம். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும். சொற்கள் பாதியில் குறுகி நிற்கும். ஒரே வாக்கியத்துக்குள் மூன்று மொழிகள் வந்து போகும். ஏங்கெல்ஸுக்கோ கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. தாம் போனபிறகு இந்தத் தாள்கள் யாராலும் படிக்கமுடியாத கிறுக்கல்களாகிவிடுமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. எட்வர்ட் பெர்ன்ஸ்டைன், கார்ல் காவுட்ஸ்கி ஆகிய இருவருக்கும் அந்தக் கையெழுத்தைப் படிக்கப் பழக்குவதென்று அவர் முடிவுசெய்தார். ஒரே ஆசானிடம், ஒரே கையெழுத்தில் பயின்ற அந்த இருவரும் பத்தாண்டுக்குள் எதிரெதிர்த் திசைகளில் போய் நின்றார்கள். ஏங்கெல்ஸின் சாம்பலை 1895இல் ஈஸ்ட்போர்ன் கடலில் கரைக்கப் படகேறியவர்களில் பெர்ன்ஸ்டைனும் ஒருவர். அடுத்த ஆண்டே, முதலாளித்துவம் தானாக நொறுங்கி விழப்போவதில்லை, சீர்திருத்தமே வழி என்று எழுதத் தொடங்கிவிட்டார். காவுட்ஸ்கி மறுகரையில் நின்று, ஆசான் சொன்னதைக் காக்கும் காவலரானார். மார்க்சியத்தின் மறுவாசிப்புகளுடைய நெடிய வரலாற்றை இந்த இருவரிடமிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற அன்றைக்கே கருத்து வேறுபாடும் கூடவே பிறந்துவிட்டது.

அவர்களுக்குக் கிடைத்த மரபு முழுமையான ஒன்றாகவும் இருக்கவில்லை. மார்க்ஸ் தம் வாழ்நாளில் அச்சில் பார்த்தது ‘மூலதன’த்தின் முதல் தொகுதியை மட்டுந்தான், 1867இல் ஹாம்பர்க்கில் ஆயிரம் படிகள் அச்சாயின. இரண்டாம் தொகுதியை 1885இலும் மூன்றாம் தொகுதியை 1894இலும் ஏங்கெல்ஸ்தான் குறிப்புகளிலிருந்து கோத்து வெளியிட்டார். நண்பரின் சிந்தனையை எளிமைப்படுத்திப் பரப்பியவரும் அவரே, அந்த எளிமை எல்லை மீறியபோது தடுக்க முயன்றவரும் அவரே. பொருளாதாரமே எல்லாவற்றையும் நேரடியாகத் தீர்மானிக்கிறது என்று இளைஞர்கள் சூத்திரம்போல ஒப்பிக்கத் தொடங்கியபோது, 1890இல் எழுதிய கடிதங்களில், இறுதிக் கணக்கில்தான் அது தீர்மானிக்கிறதே தவிர சட்டமும் சமயமும் அரசியலும் தத்தம் பங்கை ஆற்றுகின்றன என்று விளக்கினார். அந்தக் குழப்பத்தில் தமக்கும் மார்க்ஸுக்கும் பங்குண்டு என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் கடிதங்கள் சிலர் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தன. சூத்திரங்களோ ஆலைவாசல்வரை போயின. அதற்காக அந்தக் காலத்துத் தொழிலாளர் கட்சிகளைப் பழிப்பதற்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் சுரங்கத்திலோ நெசவாலையிலோ உழைத்துவிட்டு, இரவு விளக்கொளியில் வாசிப்புக் கூட்டத்துக்கு வந்து அமர்ந்த மனிதனுக்குத் தெளிவான, உறுதியான, நாளை விடியும் என்று சொல்லுகிற நூல் தேவைப்பட்டது. வரலாறு நம் பக்கம் நடக்கிறது என்ற அந்த நம்பிக்கையைக் கொண்டுதான் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி லட்சோபலட்சம் பேரைத் திரட்டியது. 1914 ஆகஸ்ட் 4 அன்று அதே கட்சி கெய்சரின் போர்க்கடனுக்கு நாடாளுமன்றத்தில் கைதூக்கியபோது, அந்த உறுதி உள்ளே எப்போது கரையான் அரித்துப்போயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை. லெனின் அந்தச் செய்தியைக் கேட்டு, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர நூலகத்தில் போய் உட்கார்ந்து ஹெகலின் தர்க்கவியலைக் குறிப்பெடுத்துப் படிக்கத் தொடங்கினார். தோல்வி நேர்ந்தால் மூலநூலுக்குத் திரும்புவது என்ற வழக்கம் அன்றோடு நிற்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒரு சின்ன நிகழ்ச்சியைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 1881 பிப்ரவரியில், ஜெனீவாவில் தலைமறைவாக வாழ்ந்துவந்த வேரா சசூலிச் என்ற ருஷ்யப் புரட்சிக்காரப் பெண் மார்க்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பீட்டர்ஸ்பர்க் நகரின் ஆளுநர் திரெப்போவை 1878இல் சுட்டு, நடுவர் குழுவால் விடுவிக்கப்பட்டவர் அவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ருஷ்ய உழவர்கள் காலங்காலமாக நிலத்தைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டு உழுகிறார்களே, அந்தக் கிராமப் பொதுநிலம் நேராகச் சோஷலிசத்துக்கு வழிவிடுமா, அல்லது உங்கள் சீடர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எங்களுக்குப் பாடம் நடத்துவதுபோல, அது அழிந்து, உழவர் கூலிகளாகி, முதலாளித்துவம் முற்றிய பிறகுதான் விடிவா? அறுபத்து மூன்றை நெருங்கிக்கொண்டிருந்த மார்க்ஸின் உடல் நலிந்திருந்தது. மனைவி ஜென்னி மரணப் படுக்கையை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆயினும் அவர் அந்தக் கேள்வியை ஒரு வரியில் தட்டிக்கழிக்கவில்லை. வரைவு எழுதினார், அடித்தார், திருத்தினார், மறுபடி எழுதினார். நான்கு வரைவுகள் எஞ்சியிருக்கின்றன. முதல் வரைவு பல பக்கங்கள் நீள்கிறது. மார்ச் 8 அன்று கடைசியில் அனுப்பிய பதிலோ மிகச் சிறியது. உழவரை நிலத்திலிருந்து பிரித்தெடுக்கும் வரலாற்றைத் தாம் ‘மூலதன’த்தில் விவரித்தது மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், ருஷ்யக் கிராமப் பொதுநிலம் அந்தச் சமூகத்தின் மறுபிறப்புக்கு ஊன்றுகோலாகக்கூடும் என்றும், அதைச் சூழ்ந்து நெரிக்கும் கேடுகளை முதலில் நீக்க வேண்டும் என்றும் அதில் எழுதினார். ஐந்தாம் நாள் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டுவீச்சில் மாண்டார்.

அந்தப் பதில் என்ன ஆயிற்று? பிளெகானவும் சசூலிச்சும் 1883இல் சேர்ந்து முதல் ருஷ்ய மார்க்சியக் குழுவைத் தொடங்கினார்கள். கிராமப் பொதுநிலத்துக்கு எதிர்காலமில்லை, ருஷ்யாவும் முதலாளித்துவப் பாதையில்தான் நடந்தாக வேண்டும் என்பது அந்தக் குழுவின் கொள்கை. கடிதம் உள்ளே போயிற்று. 1911இல் தாவீத் ரியாசனவ் என்ற ஆய்வாளர், மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க்கிடமிருந்த தாள்களில் அந்த வரைவுகளைக் கண்டெடுத்து, இப்படியொரு கடிதம் உங்களுக்கு வந்ததா என்று பிளெகானவையும் சசூலிச்சையும் விசாரித்தபோது, தங்களுக்கு நினைவில்லை என்றே பதில் வந்தது. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மனிதன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதற்கு முன்னால் கேட்ட கேள்வி அவனுக்கே அந்நியமாகிவிடுகிறது. அதற்குக் கிடைத்த விடையும் மறந்துபோகிறது. மார்க்ஸ் கையொப்பமிட்ட அசல் கடிதம் 1923இல் அவர்களுடைய தோழர் அக்ஸல்ராதின் தாள்களில் அகப்பட்டு மறு ஆண்டு அச்சேறியபோது, அந்தக் கேள்விக்கு ருஷ்யா தன் வழியில் ஏதோ ஒரு விடையைச் சொல்லி ஏழாண்டுகள் ஆகியிருந்தன. 1917 டிசம்பரில் இத்தாலியில் ஓர் இளம் இதழாளர், இந்தப் புரட்சி மார்க்ஸின் ‘மூலதன’த்துக்கு எதிராகவே நடந்திருக்கிறது என்று வியந்து எழுதினார். அந்தோனியோ கிராம்ஷி என்ற அந்த இளைஞருக்கு, ‘மூலதன’த்தை எழுதியவரே அந்த விதியை மேற்கு ஐரோப்பாவுக்கு அப்பால் கொண்டுபோக மறுத்திருந்தார் என்பது தெரிந்திருக்க வழியில்லை.

ரியாசனவின் கதை இன்னும் துயரமானது. 1921இல் மாஸ்கோவில் அவர் நிறுவிய மார்க்ஸ்–ஏங்கெல்ஸ் கழகம், ஐரோப்பா முழுக்கச் சிதறிக்கிடந்த கையெழுத்துப் படிகளைத் தேடிப் படியெடுத்துத் திரட்டியது. எழுதியது எதையும் விடாமல், வெட்டியதையும் திருத்தியதையும் சேர்த்து வெளியிடுவது என்ற பெரும்பணியை 1927இல் அவர் தொடங்கினார். ஆளுங்கட்சிக்கு மார்க்ஸின் பெயர் வேண்டியிருந்தது. ரியாசனவுக்கு மார்க்ஸின் ஒவ்வொரு தாளும் வேண்டியிருந்தது. 1930இல் ஹங்கேரியச் சிந்தனையாளர் கியோர்க் லூக்காச் அந்தக் கழகத்தில் பணிபுரிய வந்தார். 1923இல் அவர் எழுதிய ‘வரலாறும் வர்க்க உணர்வும்’ மறு ஆண்டே கம்யூனிஸ்டு அகிலத்தின் மேடையில் கண்டிக்கப்பட்டிருந்தது. இங்கே அவர் கைக்கு வந்தவை, இருபத்தாறு வயது மார்க்ஸ் 1844இல் பாரிசில் எழுதிவைத்த, அதுவரை முழுமையாக அச்சேறாத குறிப்புகள். தான் செய்த பொருளே தனக்கு அந்நியமாக எதிரில் நிற்க, உழைக்கிறவன் தன்னையே இழந்துபோவதைப் பற்றிய பக்கங்கள் அவை. தாம் ஊகித்து எழுதிய ஒன்றை மூலவர் எண்பதாண்டுகளுக்கு முன்பே எழுதி, வெளியே விடாமல் வைத்திருந்ததை அவர் அங்கேதான் கண்டார். 1931 பிப்ரவரியில் ரியாசனவ் கைதானார். சராத்தவ் நகருக்கு நாடுகடத்தப்பட்டார். 1932இல் பாரிஸ் குறிப்புகள் அச்சானபோது அவர் அந்தக் கழகத்தில் இல்லை.

1938ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ரியாசனவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் சோவியத் கட்சியின் ‘சுருக்கமான வரலாறு’ வெளிவந்தது. அதில் ஸ்டாலின் எழுதிய அத்தியாயம், மனித சமூகம் முழுவதும் ஆதிப் பொதுவுடைமை, அடிமைமுறை, நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம், சோஷலிசம் என்ற ஐந்து படிகளில் ஏறிவருவதாக வகுத்தது. மார்க்ஸ் 1859இல் குறிப்பிட்ட ஆசிய உற்பத்தி முறை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன் லெனின்கிராதில் நடந்த ஒரு விவாதத்திலேயே அது கழித்துக்கட்டப்பட்டிருந்தது. இன்னொரு பக்கம், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினிலிருந்து கோபன்ஹேகனுக்குக் கடத்தி மறைக்கப்பட்டிருந்த மார்க்ஸின் அசல் தாள்கள், அதே 1938இல் ஆம்ஸ்டர்டாமின் சமூக வரலாற்று நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. திரட்டியவர் மடிந்த ஆண்டிலேயே கொள்கை பூட்டப்பட்டது. பூட்டுக்கு வெளியே தாள்கள் வேறோர் ஊரில் அடைக்கலம் புகுந்தன. அதிகாரம் கையில் இருந்தபோதெல்லாம் மார்க்சியம் தன்னை முடிந்துபோன நூலாக அறிவித்துக்கொண்டதையும், தோற்றவர்களும் சிறைப்பட்டவர்களும் அகதிகளுமே அதை மீண்டும் திறந்ததையும் இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். தோற்ற எல்லாரும் திறந்துவிடவில்லை என்பதும் உண்மை. பலர் கசந்துபோய் நூலையே எரித்தார்கள். ஆனால் திறந்தவர்களில் வென்றவர்கள் வெகு சிலரே.

கிராம்ஷி அப்படித் திறந்தவர். 1926 நவம்பரில் முசோலினியின் காவலர்கள் அவரைப் பிடித்தார்கள். 1929 பிப்ரவரியில் தூரி சிறையில் எழுத அனுமதி கிடைத்ததும், சிறை முத்திரை குத்திய பள்ளி நோட்டுகளில் அவர் எழுதத் தொடங்கினார். நூல்கள் வாங்க மிலான் புத்தகக்கடையில் பொருளியலாளர் பியரோ ஸ்ராஃபா கணக்குத் திறந்துவைத்தார். முப்பத்துமூன்று நோட்டுகள், உடைந்த உடலும் தளராத சிந்தையும். கிழக்கே வென்ற புரட்சி மேற்கே ஏன் தோற்றது என்பதே அவரைக் குடைந்த கேள்வி. பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் செய்தித்தாளிலும் தெருமுனைப் பேச்சிலும் ஆளும் வர்க்கம் மக்களின் சம்மதத்தை நாள்தோறும் எப்படி ஈட்டிக்கொள்கிறது என்று ஆராய்ந்தார். 1937 ஏப்ரலில் அவர் இறந்தபோது மனைவியின் தமக்கை தாத்தியானா அந்த நோட்டுகளைக் காப்பாற்றினார். 1948இலிருந்துதான் அவை அச்சேறின. 1857–58இல் மார்க்ஸ் எழுதிய ‘குருண்ட்ரிஸ்ஸெ’ என்ற பெருங்குறிப்புகளின் விதியும் ஏறக்குறைய அதுவே. போர் மூண்ட ஆண்டில் மாஸ்கோவில் அச்சாகி, வெளியுலகுக்கு வராமலே அது போயிற்று. ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்பிழைத்து வந்த உக்ரேனியர் ரோமன் ரொஸ்தோல்ஸ்கி 1948இல் நியூயார்க் நூலகம் ஒன்றில் அதன் அரிய படியைக் கண்டார். அதை விளக்குவதில் மீதி வாழ்நாளைக் கழித்தார். அறுபதுகளில் பிரெஞ்சு மெய்யியலாளர் அல்தூசர் இளம் மார்க்ஸையும் முதிர்ந்த மார்க்ஸையும் கோடு கிழித்துப் பிரித்தார், ஆங்கில வரலாற்றாசிரியர் இ. பி. தாம்ப்சன் பின்னர் அந்தக் கோட்டின்மேல் சீறினார். அந்தச் சண்டையின் வெப்பம் இன்று ஆறிவிட்டது. ஆங்கிலத் தொழிலாளரின் வாழ்வை உள்ளிருந்து எழுதிய தாம்ப்சனின் நூல்தான் எனக்கு நிற்கிறது.

தமிழில் நமக்கு வந்துசேர்ந்தது எந்த மார்க்ஸ்? 1931இல் பெரியாரின் ‘குடிஅரசு’ பொதுவுடைமை அறிக்கையைத் தமிழில் தந்தது. சிங்காரவேலர் அதற்கு முன்பே, 1923இல், சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியிருந்தார். பின்னர் நம் வீடுகளுக்கு வந்தவை மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்ட, கெட்டி அட்டையும் வழுவழுத் தாளுமான நூல்கள். நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சியில் சில ரூபாய்க்குக் கிடைத்த அந்த நூல்களில்தான் ஆலைத்தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் உலகத்தைப் படித்தார்கள். அந்தக் கொடையை மறப்பது நன்றிகேடு. ஆயினும் அவற்றின் வழியே வந்த வரலாறு பெரும்பாலும் ஐந்து படி வரலாறுதான். சங்ககாலம் அடிமைச் சமூகமா, சோழர் காலம் நிலப்பிரபுத்துவமா என்று நம் முன்னோடிகள் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். டி. டி. கோசாம்பி 1956இல் இந்திய வரலாற்றை எழுதியபோது அந்த ஏணியைத் தள்ளிவிட்டுத் தராசில் பழங்காசுகளை நிறுத்தும், கலப்பை போன வழியைப் பின்தொடர்ந்தும் பார்த்தார். இந்தியச் சிற்றூரைப் பற்றி மார்க்ஸ் எழுதியதையே மறுத்தார். எஸ். வி. ராஜதுரையின் ‘அந்நியமாதல்’ வந்தபோது பாரிஸ் குறிப்புகள் தமிழுக்குள் நுழைந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் மறைந்தது; அந்தக் கெட்டி அட்டை நூல்களின் வரத்தும் நின்றது. எல்லாம் முடிந்துவிட்டதென்று அப்போது பலர் எழுதினார்கள். கையெழுத்துப் படிகளைப் பதிப்பிக்கும் பணி அதற்கு ஓராண்டு முன்பே ஆம்ஸ்டர்டாமில் நிறுவப்பட்ட ஒரு பன்னாட்டு அறக்கட்டளையின் பொறுப்புக்கு மாறி, இன்றும் தொகுதி தொகுதியாக நடந்துகொண்டிருக்கிறது. மண்ணின் வளம் சுரண்டப்படுவதைப் பற்றி மார்க்ஸ் எடுத்த வேதியியல் குறிப்புகளை அதிலிருந்து படித்த ஜப்பானியர் கோஹெய் சைட்டோ, சூழலியல் மார்க்ஸ் ஒருவரை நம் கண்முன் கொண்டுவந்திருக்கிறார். வெப்பம் கூடும் உலகம் தன் கேள்வியோடு போய் நின்றது. பழைய தாள்கள் அதற்கும் ஏதோ சொல்லின.

மார்க்ஸே தம்மை மறுவாசித்துக்கொண்டவர் என்பதற்கு நம் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. 1853இல் ‘நியூயார்க் டிரிபியூன்’ நாளேட்டுக்கு எழுதியபோது, ஆங்கிலேயரின் கொடுமையைக் கண்டித்தபடியே, இருப்புப்பாதை இந்தியக் கிராமத்தின் தேக்கத்தை உடைக்கும் என்று நம்பினார். நான்காண்டுகள் கழித்து, சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855ஆம் ஆண்டு அறிக்கை குறித்து அதே ஏட்டில் எழுதினார். வரி கட்டாத குடியானவர்களின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தது போன்ற கொடுமைகளைப் பதிவுசெய்த அறிக்கை அது. சித்திரவதை ஆங்கிலேய வருவாய் முறையின் ஓர் உறுப்பு என்றே அப்போது அவர் கண்டார். சசூலிச்சுக்கு எழுதிய வரைவுகளிலோ, இந்தியாவில் பொதுநில உரிமையை ஆங்கிலேயர் அழித்தது மக்களைப் பின்னுக்குத் தள்ளிய நாசச்செயல் என்ற முடிவுக்கே வந்திருந்தார்.

அந்த வரைவுகளை நம் வாரிசுரிமையாக எடுத்துக்கொண்டு படிக்கும்போதுதான் நமக்கே உரிய கேள்வி எழுகிறது. தஞ்சையில் சமுதாயக் கிராமங்கள் என்று இருந்தன. நிலம் பொதுவில் இருக்கும். காணியாளர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கரையீடு செய்து பங்கு மாற்றிக்கொள்வார்கள். திருச்சிப் பகுதியின் ஈசானமங்கலம், அல்லூர்க் கல்வெட்டுகளை ஒப்பிட்ட நொபோரு கராஷிமாவும், சோழர் காலத் தஞ்சையில் ஆசிய உற்பத்தி முறையைக் கண்ட கேத்லீன் கவ்வும் இந்தப் பொதுநிலத்தின் வேரைத்தான் தேடினார்கள். ஆனால் அந்த நிலத்தை உழுத பள்ளரும் பறையரும் பொதுவில் எங்கே நின்றார்கள்? கரையீட்டில் அவர்களுக்குப் பங்கில்லை, ஊர்க்கூட்டத்தில் இடமில்லை, குடியிருப்பே ஊருக்கு வெளியே. நிலத்தோடு கட்டுண்டவர்கள் அவர்கள், நிலத்துக்கு உரியவர்கள் அல்லர். ருஷ்ய உழவரைப் பற்றிய சசூலிச்சின் கேள்வியை அப்படியே இங்கே நட முடியாது. பொதுவாக இருந்த நிலமே சாதியின் கோட்டையாகவும் இருந்த ஊரில், எந்தப் பொதுமையை மீட்பது?

1940களில் கம்யூனிஸ்டுத் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்தபோது அந்தக் கேள்வி ஏட்டிலிருந்து வயலுக்கு இறங்கிவிட்டது. அவர் திரட்டிய சங்கம் மரக்கால் நெல்லுக்காகவும் குத்தகைப் பங்குக்காகவும் போராடியது; சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழியவேண்டும் என்றும் அதே மூச்சில் போராடியது. கூலி முதலில், மானம் பிறகு என்று அவர்கள் வரிசை பிரிக்கவில்லை. அடித்தளம் எது, மேற்கட்டுமானம் எது என்று ஐரோப்பாவின் நூலகங்களில் விவாதம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்த இரண்டும் ஒரே சவுக்கின் வீச்சில் இருக்கின்றன என்பதைத் தஞ்சையின் பண்ணையாட்கள் தங்கள் முதுகில் அறிந்திருந்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நாற்பத்துநான்கு உயிர்கள் எரிந்தன. சிறப்புப் பதிப்புகளும் முன்னுரைகளும் இல்லாத அந்த மறுவாசிப்பு, நீதிமன்றத் தாள்களிலும் சங்கத்தின் பழைய துண்டறிக்கைகளிலும் முதியவர்களின் பேச்சிலும் சிதறிக் கிடக்கிறது. மார்க்ஸின் தாள்களை ஒரு வெட்டுக்கோட்டையும் விடாமல் படித்துப் பதிப்பிக்கிறார்கள். கீழத்தஞ்சையின் இந்தத் தாள்களை அதே அக்கறையோடு திரட்டும் வேலை, நம் பங்குக்கு, இன்னும் தொடங்கவே இல்லாத அளவில்தான் இருக்கிறது.